மாமியாரும் பெங்குவினும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் காலத்தில் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் இல்லை. இருந்திருந்தால், "இயக்குதளத்தை மாற்றிப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

"இதென்ன, நமக்குச் சம்பந்தமில்லாத சமாசாரம்!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! நான் இஞ்சினீயர் அல்ல. கம்ப்யூட்டர் படித்தவளும் அல்ல. சாம்பாருக்குப் பருப்பு வேக வைத்துவிட்டு, குக்கர் மூன்றாவது விசில் கொடுப்பதற்குள் ஓடி வந்து இரண்டு வரி எழுதுகிறவள். இந்தக் கதையில் மாமியார் வருகிறார், வளைகாப்பு வருகிறது, விண்வெளிக்குப் போய் வந்த ஒரு மனிதரும் வருகிறார். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

இயக்குதளம் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரை ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் இருக்கிறது, கதவு இருக்கிறது, அலமாரி இருக்கிறது. ஆனால் எந்தச் சாமான் எந்த அலமாரியில் இருக்கிறது, யாருக்கு எப்போது என்ன எடுத்துக் கொடுக்க வேண்டும், ஒரே அடுப்பில் நாலு பேர் சண்டையில்லாமல் எப்படிச் சமைப்பது என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஓர் எஜமானியம்மாள் வேண்டாமா? அந்த அம்மாளுக்குத்தான் இயக்குதளம் என்று பெயர். பெரும்பாலும் கம்ப்யூட்டரை வாங்கும்போதே அந்த அம்மாளும் சீதனத்தோடு வந்து இறங்கிவிடுகிறாள். அவளைத் தவிர வேறொருத்தியும் உலகத்தில் உண்டு என்கிற நினைப்பே நமக்கு வருவதில்லை.

எங்களுக்கும் வந்திருக்காது. எல்லாம் 2006-ஆம் வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு தபாலால் வந்த வினை.

அப்போது நாங்கள் மேற்கு மாம்பலத்தில் குடியிருந்தோம். நான், என் வீட்டுக்காரர், பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேர்ந்திருந்த பிள்ளை, எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண், மாமியார் ஆக ஐந்து பேர். ஆறாவதாக, கூடத்து மூலையில் கம்ப்யூட்டர். தவணையில் வாங்கி ஐந்து வருஷமாயிருந்தது. அதன் மேல் நான் தைத்துப் போட்ட பூப்போட்ட உறை. பிள்ளை வெளியிலிருந்து பென் டிரைவில் ஏதாவது பிரதி எடுத்து வருவான்; கூடவே வைரஸும் வரும். பட்டனை அழுத்திவிட்டுப் போய், அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்தாலும், திரையில் மணல் கடிகாரம்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் தபால்காரர் ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். அயல்நாட்டுத் தபால். பிள்ளையின் பெயருக்கு வந்திருந்தது. பிரித்துப் பார்த்தால் அட்டை உறைக்குள் குறுந்தகடுகள்! அட்டையின் மேல் ஆணும் பெண்ணுமாகச் சிலர் கைகோத்து நிற்கும் படம்.

"எவ்வளவுடா கொடுத்தே?" என்றார் மாமியார்.

"ஒரு பைசா இல்லை, பாட்டி. தபால் செலவுகூட அவர்களுடையதுதான். விலாசம் எழுதிக் கேட்டேன், அனுப்பிவிட்டார்கள்."

மாமியார் தகட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். ஆனால் கொடுக்கிறவன் யார் என்றாவது தெரிய வேண்டாமா?"

நியாயமான கேள்வி அல்லவா? பிள்ளை சொன்ன பதிலை, பிற்பாடு நானே தேடிப் படித்ததையும் சேர்த்து, உங்களுக்குச் சொல்கிறேன்.

தென் ஆப்பிரிக்காவில் மார்க் ஷட்டில்வொர்த் என்று ஒருவர். இணையத்தில் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்குப் பாதுகாப்புச் சான்று அளிக்கும் கம்பெனி ஒன்றை 1995-ல் தொடங்கினார். 1999-ல் அதைச் சுமார் 57 கோடி டாலருக்கு விற்றார். அப்போது அவருக்கு 26 வயது! அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கட்டி 2002 ஏப்ரலில் ரஷ்யர்களின் சோயுஸ் விண்கலத்தில் ஏறிச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய் வந்தார். ஆப்பிரிக்க நாட்டுக் குடிமகன்களில் விண்வெளிக்குப் போன முதல் ஆள் அவர்தான். திரும்பி வந்த பிறகு 2004-ல் இன்னொரு கம்பெனி ஆரம்பித்து, அதே வருஷம் அக்டோபரில் 'உபுண்டு' என்ற இயக்குதளத்தை வெளியிட்டார். உபுண்டு என்பது தென் ஆப்பிரிக்க மொழிச் சொல். பிறரிடம் மனிதத் தன்மையோடு இருப்பது என்று பொருள். அதைத்தான் தகட்டில் பதித்து, கேட்டவர்களுக்கெல்லாம் உலகம் முழுக்க இனாமாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"விண்வெளிக்குப் போய் வந்தவனா அனுப்பினான்?" என்று மாமியார் தகட்டைப் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார். அந்த நிமிஷத்திலிருந்து அதற்கு வீட்டில் ஒரு மரியாதை ஏற்பட்டுவிட்டது.

ஆனால் அவர் ஒருவர் செய்ததல்ல அது. அதன் அடித்தளத்துக்கு லினக்ஸ் என்று பெயர். பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயதுப் பையன், 1991 ஆகஸ்டில், 'பொழுதுபோக்காக ஓர் இயக்குதளம் எழுதுகிறேன், பெரிதாக ஒன்றும் இராது' என்ற பொருள்பட அறிவித்தான். அதற்கும் எட்டு வருஷம் முன்னால், 1983-ல், அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், யார் வேண்டுமானாலும் எடுத்து, பிரித்துப் பார்த்து, திருத்தி, பிறருக்கும் கொடுக்கக்கூடிய ஓர் இயக்குதளம் வேண்டும் என்று குனு என்னும் வேலையைத் தொடங்கியிருந்தார். பையன் எழுதிய கருவும் இவர் கூட்டம் செய்து வைத்திருந்த கருவிகளும் சேர்ந்துதான் முழு வீடாயிற்று.

'பிரித்துப் பார்ப்பது' என்றால் எனக்கு முதலில் விளங்கவில்லை. பிள்ளை ஏதேதோ ஆங்கிலத்தில் சொன்னான். மறுநாள் விடியற்காலையில் வாசலில் குனிந்து நிற்கும்போதுதான் பளிச்சென்று புரிந்தது. கோலம்!

எதிர் வீட்டில் அழகாக ஒரு கோலம் போட்டிருக்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? "மாமி, எத்தனை புள்ளி?" என்று கேட்கிறோம். "15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை" என்று சொல்லிவிடுகிறாள். நாம் அதை நோட்டில் எழுதிக்கொண்டு, மூலையில் ஒரு தாமரை கூட்டி, நம் வாசலில் போடுகிறோம். நாலாவது வீட்டுப் பெண் அந்தத் தாமரையோடு எடுத்துக்கொண்டு போகிறாள். யாரும் யாரிடமும் காசு கேட்பதில்லை. புள்ளிக் கணக்கைச் சொல்ல மாட்டேன், கோலத்தை மட்டும் எட்ட நின்று பார்த்துவிட்டுப் போ என்றால், அதுதான் பூட்டி வைத்த மென்பொருள். புள்ளிக் கணக்கோடு கொடுத்தால் அது திறந்த மென்பொருள். ஸ்டால்மன் 1989-ல் இதற்கு ஓர் உரிமப் பத்திரமே எழுதி வைத்தார்: வாங்கிக்கொண்டவர்கள் மேலே கொடுக்கும்போது அவர்களும் புள்ளிக் கணக்கை மறைக்கக் கூடாது. நம் மார்கழி மாதத்துத் தெருவில் பத்திரம் இல்லாமலே நடக்கிற காரியம்!

அன்று ராத்திரி சாப்பாடு ஆனதும் குடும்பமே கம்ப்யூட்டரைச் சுற்றி உட்கார்ந்தது. அந்தத் தகட்டில் ஒரு சௌகரியம். உள்ளே இருக்கிற எதையும் தொடாமல், தகட்டிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். வாடகைக்குப் போவதற்கு முன் அந்த வீட்டில் ஒரு நாள் தங்கிப் பார்க்கிற மாதிரி. திரை கறுத்தது. பிறகு காப்பிப் பொடி நிறத்தில் வெளுத்தது. திடீரென்று ஆப்பிரிக்க மத்தளம் போல 'டும் டும்' என்று ஒரு நாதம்!

"கெட்டிமேளம் கொட்டுகிறதே!" என்றார் மாமியார்.

மறு ஞாயிற்றுக்கிழமை கிருஹப் பிரவேசம். என் வீட்டுக்காரர் தம் கணக்கு வழக்கையெல்லாம் இரண்டு தகட்டில் பிரதி எடுத்து, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் சம்மதித்தார். பிள்ளை வன்தட்டை இரண்டாகப் பாகம் பிரித்தான். பழைய எஜமானி ஒரு பாகத்தில், புது எஜமானி மறு பாகத்தில். கம்ப்யூட்டரைத் திறந்ததும் 'எந்த வாசல் வழியாகப் போகிறீர்கள்?' என்று திரை கேட்கும். என் வீட்டுக்காரர் பழைய வாசல். நாங்கள் புது வாசல்.

புது மருமகள் வந்தால் முதல் மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? உப்புக் கூடும், புளி குறையும். இங்கேயும் அப்படித்தான். முதலில் இணையம் வரவில்லை. அந்த நாளில் டெலிபோன் கம்பியோடு சேர்த்து, 'கிர்ர், கீச்' என்று கத்தவிட்டுத்தான் இணையத்துக்குள் போக வேண்டும். அதற்கு உள்ளே மோடம் என்று ஒரு பலகை இருந்தது. விலை குறைய வேண்டும் என்பதற்காக, பலகை செய்ய வேண்டிய வேலையில் பாதியை மென்பொருளின் தலையில் கட்டிவிடும் வழக்கம் அப்போது உண்டு. அந்த மென்பொருளைப் பழைய எஜமானிக்கு மட்டும் செய்துகொடுத்திருந்தார்கள். புதியவளுக்குப் பேச்சே புரியவில்லை.

அப்புறம் பாட்டு. என் வீட்டுக்காரர் எம்.பி.3-யாகச் சேர்த்து வைத்திருந்த பழைய சினிமாப் பாட்டுக்களைப் புது வாசலில் போட்டால், மௌனம்! காரணம் கேட்டால் விசித்திரமாக இருந்தது. எம்.பி.3 என்ற முறைக்குச் சில தேசங்களில் காப்புரிமை இருந்ததாம். அதனால் இலவசத் தகட்டில் அதைச் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். வேண்டுமென்கிறவர்கள் தனியாக எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் காப்புரிமைகள் 2017-ல்தான் காலாவதியாயின. பிள்ளை ஒரு தகட்டை எடுத்துக்கொண்டு சிநேகிதன் வீட்டுக்குப் போய் வேண்டியதை ஏற்றி வந்து, கறுப்புத் திரையில் 'சுடோ, சுடோ' என்று ஏதோ அடித்தான்.

"என்னடா, மந்திர ஜபமா?" என்று கேட்டார் பாட்டி.

"எஜமானியிடம் உத்தரவு கேட்கிறேன், பாட்டி. கேட்டால்தான் பெரிய வேலையெல்லாம் செய்ய விடுவாள்."

"நல்ல பழக்கம்" என்று என்னைப் பார்த்தார் மாமியார். நான் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டேன்.

சிரமம் மட்டும்தானா என்றால், இல்லை. பெண்ணுக்குப் படம் வரையும் டக்ஸ் பெயின்ட் கிடைத்தது. எனக்கு மாதச் சாமான் கணக்குப் போட ஓபன் ஆபீஸ் கிடைத்தது. பிள்ளை எங்கிருந்தோ குண்டுப் பெங்குவின் படம் ஒன்றைக் கொண்டு வந்து கம்ப்யூட்டரின் நெற்றியில் ஒட்டினான். லினக்ஸுக்கு அதுதான் சின்னம். லாரி யூவிங் என்பவர் 1996-ல் வரைந்தது. வயிறு நிறைய மீன் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு திருப்தி அதன் முகத்தில்! அதிகப்படியாக வந்த தகடுகளை அக்கம்பக்கத்தில் கொடுத்தேன். மாடி வீட்டு அம்மாள் அதை நூலில் கட்டி வற்றல் காய்கிற இடத்தில் தொங்கவிட்டாள். பளபளப்புக்குப் பயந்து காக்காய் வருவதில்லையாம். உபகாரம் எந்த ரூபத்தில் போனால் என்ன!

இதுவரை சொன்னது வேடிக்கை. இனிமேல்தான் விஷயம்.

என் மாமியார் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமம். தமிழ் என்றால் உயிர். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு பண்ணி, டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருந்தார். ஆனால் ஆங்கிலம் தெரியாது. பாங்குப் பாரம், மருந்துச் சீட்டு, டெலிபோன் பில் எது வந்தாலும், "ஏம்மா, இதில் என்ன போட்டிருக்கிறது?" என்று யாராவது ஒருவரிடம் நீட்ட வேண்டும். கம்ப்யூட்டரும் அவருக்கு அப்படியொரு ஆங்கிலக் காகிதம்தான். தினமும் தூசி தட்டுவார். கூடத்தில் மூன்றடி தள்ளியே உட்காருவார்.

இன்னொன்று. அவருக்கு ஏராளமான பாட்டுக்கள் தெரியும். நலங்கு, ஊஞ்சல், வளைகாப்பு, தாலாட்டு, ஆரத்தி என்று அவருடைய பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து இவருக்கும் வந்தவை. அச்சுப் புத்தகம் எதிலும் வராதவை. எழுதி வைக்க வேண்டுமென்று அவருக்கு நெடுநாள் ஆசை. ஆனால் 2003 முதலே வலது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. பேனா பிடித்தால் எழுத்து கோழி கிளறினது போல் ஆகிவிடும். "சொல்லுங்கள் அம்மா, நான் எழுதிக்கொள்கிறேன்" என்று நோட்டும் கையுமாக நான் உட்கார்ந்தால், இரண்டு அடியில் நின்றுவிடுவார். "கேட்டால் வரவில்லை. தானாக முனகும்போதுதான் வருகிறது" என்பார். தானாக முனகுவதோ விடியற்காலை நாலு மணிக்கு, எல்லோரும் தூங்கும்போது!

2007-ல் வீட்டுக்கு பிராட்பாண்டு வந்தது. புதுப் பெட்டியிலிருந்து ஒரு கம்பி நேராகக் கம்ப்யூட்டருக்குப் போயிற்று. மோடம் பலகையின் தயவே வேண்டியிருக்கவில்லை. புது எஜமானிக்கு உடனே பேச்சுப் புரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் பிள்ளை ஏதோ தேடிக்கொண்டிருந்தவன், "பாட்டி, இங்கே வாயேன்" என்று கூப்பிட்டான். தமிழ் மொழிப் பொதி ஒன்றை இறக்கிப் போட்டு, கம்ப்யூட்டரை அணைத்துத் திறந்திருந்தான்.

பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார். அப்புறம் நாற்காலியைத் தாமே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "கோப்பு" என்று வாய்விட்டுப் படித்தார். "உதவி" என்றார். ஒவ்வொன்றாகத் திரை முழுவதும் படித்துக்கொண்டே போனார். ஆறு வருஷமாகத் தூசி தட்டிய பெட்டி, அன்றைக்குத்தான் அவரோடு முதல் தடவையாகப் பேசியது.

நீங்கள் கேட்கலாம்: "மற்ற இயக்குதளத்தில் தமிழ் கிடையாதா?" உண்டு. அதற்கும் தமிழ் முகம் அதே காலத்தில் வந்துவிட்டது வாஸ்தவம். ஆனால் இதில் ஒரு வித்தியாசம். இந்தத் தமிழைச் செய்தவர்கள் சம்பளத்துக்குச் செய்யவில்லை. உத்தியோகம் முடிந்து வீட்டுக்கு வந்து, ராத்திரி விழித்திருந்து, தமிழ்நாட்டிலும் வெளிநாடுகளிலுமாக இருந்த அன்பர்கள் ஆயிரக்கணக்கான வாக்கியங்களை ஒவ்வொன்றாக மொழிபெயர்த்திருந்தார்கள். பிழை இருந்தால் நாமே சொல்லலாம்; திருத்தமும் அனுப்பலாம்.

மாமியார் சும்மா விடுவாரா? தொடர்கதையிலே அச்சுப் பிழை கண்டால் பென்சிலால் திருத்தி வைக்கிறவர் அல்லவா? மூன்றாம் நாளே ஒரு வாக்கியத்தைப் பிடித்துவிட்டார். எதையோ அழிப்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வி அது. ஆங்கிலத்தை வார்த்தைக்கு வார்த்தை மாற்றியதில் தலைகீழாக இருந்தது. "இப்படியா கேட்பார்கள்? 'அழித்துவிடலாமா?' என்று ஒரே வார்த்தையில் கேட்டால் ஆயிற்றே!" என்றார். பிள்ளை அதை எழுதி அனுப்பினான். சில மாதங்கள் கழித்து வந்த புதுப் பதிப்பில் பாட்டியின் வாக்கியமே இருந்தது! ஐந்தாம் வகுப்போடு நின்றவர் எழுதிய ஒரு வரி, தமிழில் அதை வைத்திருக்கும் எல்லார் வீட்டுத் திரையிலும்! தெருக்கோலத்தில் அவரும் ஒரு தாமரை கூட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு தட்டச்சு. தமிழ்99 என்று ஒரு விசைப்பலகை முறை இருக்கிறது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வகுத்தது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 விசைகளில் 247 எழுத்தும் அடங்கிவிடும். உயிரெழுத்தெல்லாம் இடது கைப் பக்கம், மெய் பெரும்பாலும் வலது கைப் பக்கம். 'அம்மா' என்று அடிக்க 'ம'வை இரண்டு முறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். பிள்ளை சின்னச் சின்னக் காகிதத்தில் எழுத்தெழுதி விசைகளின் மேல் ஒட்டிக் கொடுத்தான். பேனாவைப் பிடிக்க முடியாத கைக்கு, விசையைத் தட்டத் தெரிந்தது. ஒற்றை விரலால் தட்டுவார். நடுக்கத்தில் ஓரெழுத்து இரண்டாக விழுந்தால் நிதானமாக அழித்துவிட்டு மறுபடி தட்டுவார். திரையில் எழுத்தை எலுமிச்சம்பழ அளவுக்குப் பெரிதாக்கி வைத்துக்கொள்வார்.

விடியற்காலை நாலு மணிக்கு, கூடத்திலிருந்து மெல்லிய முனகல் கேட்கும். பின்னாலேயே 'டக்... டக்...' என்று விசைச் சத்தம். பாட்டு வரும்போது கம்ப்யூட்டர் தயாராக இருந்தது.

இந்த இடத்தில் ஒரு முக்கியமான சங்கதி. என் வீட்டுக்காரரும் 1998 வாக்கில் சில தமிழ்க் கடிதங்களைக் கம்ப்யூட்டரில் அடித்து வைத்திருந்தார். புது வாசல் வழியாக அவற்றைத் திறந்தபோது, தமிழுக்குப் பதில் புள்ளியும் கோடும் ஐரோப்பிய எழுத்துமாக ஒரே கந்தரகோளம்! அந்த நாளில் ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு கணக்கு வைத்திருந்தது. எந்த எழுத்துருவில் அடித்தோமோ அது கையில் இருந்தால்தான் படிக்கலாம். மாமியார் அடித்ததோ யூனிகோடில். உலகத்து எழுத்துக்களுக்கெல்லாம் ஆளுக்கொரு நிரந்தர எண் கொடுத்து வைத்திருக்கும் முறை அது. அதன் முதல் பதிப்பிலேயே, 1991 அக்டோபரில், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. அந்தப் பின்லாந்துப் பையன் அறிவித்த அதே வருஷம், இரண்டு மாதம் தள்ளி! தமிழ்நாடு அரசாங்கமும் 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அந்த முறையில் அடித்ததை எந்த எஜமானியும், எந்தப் பெட்டியிலும், படித்துவிடலாம்.

நாலு வருஷத்தில் 61 பாட்டுக்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் அது யார் பாடிக் கேட்டது, எந்தக் கல்யாணத்தில் என்று ஒரு குறிப்பு. 2011-ல் மாமியார் காலமானார். அதே வருஷம் ஏப்ரலில், உபுண்டுக்காரர்கள் தகடு அனுப்பும் வழக்கத்தை நிறுத்திக்கொண்டார்கள். அதற்குள் வீடுகளுக்கு வேகமான இணையம் வந்துவிட்டது, தகட்டுக்குத் தேவை இல்லை. அதற்கும் ஒரு வருஷம் முன்னாலேயே காப்பிப் பொடி நிறம் மாறி, கத்தரிக்காய் நிறம் வந்துவிட்டது. பழைய பெட்டியின் உயிரும் ஒரு கோடையில் போயிற்று. பெங்குவின் படம் உரிய மாட்டேனென்றது; அதோடேயே காயலான் கடைக்குப் போனது.

2019-ல், அன்று எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் பெண்ணுக்கு வளைகாப்பு. கூடத்தில் நிறையப் பெண்டுகள். வளையல் அடுக்கியாயிற்று. "யாராவது பாடுங்களேன்" என்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் பெண் தன் போனை எடுத்து, விரலால் இரண்டு தள்ளுத் தள்ளி, ஒன்றுவிட்ட அத்தையிடம் நீட்டினாள். பாட்டியின் 17-ஆவது பாட்டு. ஓரெழுத்துக்கூடச் சிதையாமல் அப்படியே இருந்தது. அத்தை இரண்டு வரி படித்தவள், "அடடா, இது எங்கள் பெரியம்மா பாடுவாளே!" என்று மெட்டைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு மெட்டு நினைவிருந்தது, வார்த்தை மறந்திருந்தது. வார்த்தை போனில் இருந்தது. இரண்டும் சேர்ந்து பாட்டாயிற்று.

இன்று லினக்ஸ் என்றால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. நம் கையிலிருக்கும் ஆண்டிராய்டு போனுக்குள் இருப்பதும் அந்தக் கருதான். உலகத்தின் அதிவேகக் கம்ப்யூட்டர்கள் என்று 500 பெட்டிகளுக்குப் பட்டியல் போடுகிறார்களே, 2017 நவம்பர் முதல் அந்தப் பட்டியலில் உள்ள அத்தனையும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிற பெங்குவினை நாம்தான் கவனிக்கவில்லை.

இயக்குதளத்தை மாற்றுங்கள் என்று உங்களிடம் சொல்ல நான் வரவில்லை. எது சௌகரியமோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் வீட்டிலும் விடியற்காலையில் தமக்குத் தாமே முனகிக்கொள்கிற ஒருவர் இருக்கலாம். அம்மாவோ, அத்தையோ, மாமியாரோ. அவர் கையருகே தமிழ் பேசுகிற ஒரு பெட்டியை வையுங்கள். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள். பக்கத்தில் நின்று அவசரப்படுத்தாமல், உள்ளே போய் உங்கள் வேலையைப் பாருங்கள். 'டக், டக்' என்று சத்தம் கேட்க ஆரம்பித்தால், காப்பியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஓசைப்படாமல் வந்துவிடுங்கள்.